ஆறு வருஷம் பார்த்தீர்களே, முடிவைச் சொல்லுங்கள்!

நேற்று மதியம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அக்கா மகள் சும்மா இருக்காமல் கேட்டாள்: "அம்மாச்சி, கோலங்கள் கோலங்கள்னு சொல்றீங்களே, கடைசியில அந்த அபிக்கு என்னதான் ஆச்சு?"

அம்மாவின் கை ரசக் கரண்டியோடு அந்தரத்தில் நின்றது. "அவ... அந்த ஆதியை... ஜெயில்ல போட்டாங்க இல்ல?" என்று அத்தையைப் பார்த்தார். அத்தை, "ஜெயிலா? அது மெட்டி ஒலி இல்லையா அண்ணி?" என்றார். அப்பா தலையே நிமிராமல், "அப்பளம் இன்னொண்ணு" என்றார். அவ்வளவுதான், விசாரணை முடிந்தது.

எனக்கு வந்ததே பாருங்கள் கோபம்!

2003 நவம்பரில் ஆரம்பித்து 2009 டிசம்பரில் முடிந்த டிவி சீரியல் இந்தக் கோலங்கள்; அபி கதாநாயகி, ஆதி வில்லன். 1533 எபிசோடு. விளம்பரத்தையும் சேர்த்து எபிசோடுக்கு அரை மணி என்று வைத்தால் 766 மணி நேரம். சோறு தண்ணி தூக்கம் எதுவும் இல்லாமல் உட்கார்ந்தால் 32 நாள். அப்படிப் பார்த்த கதையின் முடிவு வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாதாம். ஒன்பது மணிக்குப் "பசிக்குது" என்று வாய் திறந்த பாவத்துக்கு நான் வாங்கிய திட்டு மட்டும் எனக்கு வரி பிசகாமல் ஞாபகம் இருக்கிறது.

அந்த மழை ராத்திரியைச் சொல்கிறேன், கேளுங்கள். அப்போது ப்ளஸ் டூ. கணக்கு ட்யூஷன் முடிந்து வரும் வழியில் சைக்கிள் செயின் கழன்று, தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தபோது மணி 9.04. கொட்டுகிறது மழை. காலிங் பெல் வேலை செய்யாது (அது தனிக் கதை). கதவைத் தட்டினேன். உள்ளே டிவி சத்தம். மறுபடி தட்டினேன். ஜன்னல் திரை விலகியது. அம்மா! ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டினார். "ஒரு நிமிஷம்" என்கிறார் என்று நம்பினேன். "விளம்பரம் வரட்டும்" என்றாராம். திரை மூடிக்கொண்டது. உள்ளே யாரோ ஏதோ சொன்னார்கள். உடனே ஒரு 'டொய்ங்'. யாரும் பதில் சொல்லவில்லை. இன்னொரு 'டொய்ங்'. அப்புறம் மூன்றாவது. மூன்று முகம், மூன்று டொய்ங், ஒரு வசனம் கிடையாது. நோட்டு நனையக்கூடாதென்று பையைச் சன்ஷேடுக்குக் கீழே வைத்துவிட்டு நான் வெளியே நின்றேன், அவ்வளவு பொறுப்பான பிள்ளை. பக்கத்து வீட்டிலாவது ஒதுங்கலாம் என்று எட்டிப் பார்த்தால் அங்கேயும் அதே டொய்ங். தெரு முழுக்க டொய்ங். 9.13க்கு ஒருவழியாக விளம்பரம் வந்தது, தாழ்ப்பாள் விலகியது. "எவ்வளவு நேரமாடா நிக்கிற? தட்டக் கூடாதா?"

தட்டக் கூடாதாவா!

வயசாகிவிட்டது, மறதி என்று யாரும் வக்காலத்து வாங்க வேண்டாம். தூர்தர்ஷனில் வெள்ளிக்கிழமை அரை மணி நேரம் வந்த ஒளியும் ஒலியும் இதே அம்மாவுக்கு மறக்கவில்லை. எந்தப் பாட்டு ஓடும்போது கரண்ட் போனது, யார் வீட்டுத் திண்ணையில் யார் மடியில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பது வரை சொல்வார். கோலங்கள் முடிந்தது ஒரு வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை அதே ஒன்பது மணிக்குத் தென்றல் ஆரம்பித்துவிட்டது. அபிக்கு சனி, ஞாயிறு இரண்டே நாள்தான் துக்கம். பத்துகூடக் கிடையாது.

இன்னொன்று, "இனி இவருக்குப் பதில் இவர்" என்று ஒரு வரி போடுவார்களே. ஆளே மாறி, குரலும் மாறி, உயரம்கூட அரை அடி கூடியிருக்கும். அடுத்த காட்சியிலேயே அம்மா ஏற்றுக்கொள்வார். நான் மீசையை எடுத்தபோது மூன்று நாள் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

சரி, கோலங்களுக்குப் பேராவது நிற்கிறது. சந்திரலேகா என்று ஒன்று 2014 அக்டோபரிலிருந்து 2022 அக்டோபர் வரை ஓடியதே, 2314 எபிசோடு, அதைப் பற்றி எந்தக் கல்யாண வீட்டிலாவது யாராவது பேசிக் கேட்டிருக்கிறீர்களா? ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை ஒன்பதாம் வகுப்புக்குப் போயிருக்கும். அத்தனை வருஷமும் மத்தியானத் தூக்கத்தை அதற்குத் தாரை வார்த்தவர் எங்கள் அத்தை. கதை என்ன அத்தை என்றேன். யோசித்தார். "ரெண்டு பொண்ணுங்க" என்றார். எட்டு வருஷத்துக்கு இரண்டு வார்த்தை!

இவ்வளவும் கத்தி முடித்த பிறகு அம்மா நிதானமாகக் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். "எதுக்குடா இப்ப குதிக்கிற? யூடியூப்ல இருக்காமே, முதல்லேர்ந்து போட்டுக் குடு."

போட்டுக் கொடுத்தேன். வேறென்ன செய்ய? ராத்திரி பத்தாகிறது, ஆறாவது எபிசோடு ஓடுகிறது, என் போன் அவர் கையில். இதை அப்பாவின் போனில்தான் எழுதுகிறேன். நாலு வரிக்கு ஒரு தரம் 'இடம் இல்லை' என்று கழுத்தறுக்கிறது. என்ன இருக்கிறது என்று திறந்தால் குட் மார்னிங் படமாகவே நாலாயிரம்! ரோஜாப்பூ, சூரியன், காபி டம்ளர். யார் சார் இதையெல்லாம் உட்கார்ந்து அனுப்புவது? அதிலும் ஒரு புண்ணியவான் தினமும் மத்தியானம் மூணு மணிக்கு அனுப்புகிறார், குட் மார்னிங்!