நான் எழுதியது ஒரே ஒரு சொல்

மூன்று நாட்களாகப் பேசாமல் இருந்தேன். இனியும் பேசாமல் இருந்தால், என்னைப் பற்றிச் சொன்னதெல்லாம் உண்மை என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பதால் இதை எழுதுகிறேன். நடந்ததை முழுதாக விளக்கத் தேவையில்லை. இணையத்தில் அந்த உரையாடல் திரியில் இருந்தவர்களுக்கும் ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்தவர்களுக்கும் எல்லாம் தெரியும். "ஒருமுறை போனது போதும், இனிப் போக வேண்டாம் என்று நீங்கள் நினைக்கும் இடம் எது?" என்று கேட்டிருந்தார்கள். நான் "வெனிஸ்" என்று எழுதினேன். காரணம்கூடச் சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லை வெட்டியெடுத்து, என் பெயரையும் படத்தையும் மறைக்காமல், ரசனை இல்லாதவர்கள் ஏன் பயணம் செய்கிறார்கள் என்று தலைப்பிட்டுப் பதிவு போடும் அளவுக்கு அதில் என்ன இருந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அதைப் பகிர்ந்தவர்களில் நான்கு பேர் என்னோடு பல வருடங்களாகப் பழகியவர்கள். ஒருவராவது உள்பெட்டியில் வந்து, ஏன் அப்படி எழுதினாய் என்று கேட்டிருக்கலாம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஓர் இடத்துக்கு மறுபடியும் போக விருப்பமில்லை என்று சொல்வது வேறு. அந்த இடம் மோசம் என்று சொல்வது வேறு. நான் இரண்டாவதைச் சொல்லவே இல்லை. வெனிஸ் அழகில்லை என்று நான் எங்கே எழுதினேன்? தண்ணீரின் மேல் மரக்கழிகளை அடித்து இறக்கி, அதன்மேல் கல்லை அடுக்கி, ஆயிரம் வருடத்துக்கும் மேலாக ஒரு நகரத்தை நிறுத்தி வைத்திருக்கும் மனிதர்களை எனக்கு மதிக்கத் தெரியும். மதிப்பதற்கும் மறுபடி போவதற்கும் என்ன சம்பந்தம்?

ஊர்களைப் பற்றி மெச்சி எழுதினால் மட்டும்தான் ரசனை உண்டு என்று ஆகிவிட்டது. போய் வந்தவர்கள் அனைவரும் ஒரே படத்தைப் போடுகிறோம்; படத்துக்கு வெளியே நிற்கும் கூட்டத்தைக் கவனமாக வெட்டிவிடுகிறோம்; அதைப் பார்த்து அடுத்தவர் பல வருடம் காசு சேர்த்துப் போய் நிற்கும்போதுதான் வெட்டப்பட்ட பகுதியைப் பார்க்கிறார். பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்துக்கு 2024இல் மட்டும் ஏறத்தாழ 87 லட்சம் பேர் வந்தார்கள். வருகிறவர்களில் மிகப் பலர் முதலில் தேடிப் போவது மோனா லிசாவைத்தான். அந்த ஓவியத்தின் உயரம் 77 சென்டிமீட்டர், அகலம் 53 சென்டிமீட்டர். குண்டு துளைக்காத கண்ணாடிக்குப் பின்னால், தடுப்புக்கு அப்பால் அது இருக்கிறது. இடையில் உயர்த்திப் பிடித்த கைபேசிகளின் காடு. நேர் எதிர்ச் சுவரில் ஓவியர் வெரோனீஸ் 1563இல் வரைந்து முடித்த, பத்து மீட்டருக்குச் சற்றே குறைவான அகலமுள்ள பைபிள் கதையில் வரும் கானா ஊர்த் திருமண ஓவியம் இருக்கிறது. அந்த அருங்காட்சியகத்தின் மிகப் பெரிய ஓவியம் அது. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் அத்தனை பேரும் நிற்கிறார்கள். அது வெனிஸின் சான் ஜார்ஜோ மடத்து உணவுக்கூடத்துக்காக வரையப்பட்டது என்பதும், 1797இல் நெப்போலியனின் படை அதைப் பெயர்த்துக்கொண்டு போனது என்பதும் ரசனை பற்றி எனக்குப் பாடம் எடுத்தவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்கவில்லை. ஒருவர் என்ன தெரிந்துகொண்டு போனார் என்பதை வைத்து அவருடைய ஏமாற்றத்தை அளக்கக் கூடாது என்பதே என் எண்ணம்.

ஏமாற்றம் என்பது சின்ன விஷயமும் இல்லை. பாரிஸில் பணியாற்றிய ஹிரோவாக்கி ஓட்டா என்ற ஜப்பானிய மனநல மருத்துவர், தம் நாட்டிலிருந்து அந்த நகரத்துக்கு வந்த சிலருக்கு உண்டான மனக்குலைவைக் கவனித்து 1980களில் 'பாரிஸ் நோய்க்குறி' என்று பேசத் தொடங்கினார். மிக அரிதாக வருவது என்றாலும், மனதில் கட்டி வைத்த நகரமும் காலடியில் இருக்கும் நகரமும் ஒத்துப்போகாமல் மனிதர்கள் நிலைகுலைந்து போயிருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்களையும் ரசனை கெட்டவர்கள் என்றுதான் சொல்வீர்களா?

"நீங்கள் போன நேரம் தவறு, விதம் தவறு, ஒரு நாளில் பார்த்துவிட்டு வந்து பேசக் கூடாது" என்றார்கள். இதில் பாதி நியாயம் இருக்கிறது. நான் கோடையில் போனேன். இரண்டு இரவு தங்கினேன். குளிர்காலத்தில் ஒரு மாதம் தங்கியவருக்கு வேறு வெனிஸ் தெரிந்திருக்கும். ஆனால் விடுமுறை எப்போது கிடைக்கிறதோ அப்போதுதான் மனிதர்களால் போக முடிகிறது. கிடைத்த நாளில் போய், கண்டதைச் சொல்பவரிடம், நீ சரியான மாதத்தில் போகவில்லை, அதனால் உன் வாய்க்குப் பூட்டு என்றால், வருடத்துக்குப் பத்து நாள் விடுப்பு கிடைக்கும் யாரும் எந்த ஊரைப் பற்றியும் வாய் திறக்க முடியாது.

இன்னொருவர், "போக முடியாதவர்கள் எத்தனையோ பேர் இருக்க, போய் வந்தவர் புலம்புவது ஆணவம்" என்று எழுதியிருந்தார். இந்த ஒன்றுக்குத்தான் இரண்டு இரவு தூக்கம் வரவில்லை. போக முடியாதவர்களுக்காகப் பேசுவதாகச் சொல்லும் நீங்கள், அவர்கள் ஒருநாள் போகும்போது என்ன இருக்கும் என்பதை மறைக்கச் சொல்கிறீர்கள். வாழ்நாளில் ஒரே ஒரு பயணம் போகக்கூடியவருக்குத்தான் உண்மை அதிகம் தேவை. வருடம் நான்கு ஊர் போகிறவருக்கு ஓர் ஏமாற்றம் பெரிதில்லை.

எகிப்தின் கீஸாவைப் பற்றிச் சொல்கிறேன். இனிப் போக வேண்டாம் என்ற என் பட்டியலில் வெனிஸுக்கு முன்பே சேர்ந்த இடம் அது. நானும் அக்காவும் போயிருந்தோம். பெரிய பிரமிடு கட்டி முடித்தபோது சுமார் 146 மீட்டர் உயரம் என்று சின்ன வயதில் இருவரும் ஒரே புத்தகத்தில் படித்தது. பேருந்திலிருந்து இறங்கி நிமிர்ந்து பார்ப்பதற்குள் ஐந்து பேர் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர், காசே வேண்டாம், ஒரு படம் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அக்காவை ஒட்டகத்தின் மேல் உட்கார வைத்தார். ஒட்டகம் முதலில் பின்னங்கால்களை நிமிர்த்தியது; அக்கா முன்னால் சரிந்து, சேணத்தின் மரக்குமிழை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிறகு அது முழுதாக எழுந்து நின்றது. இறங்க வேண்டும் என்று சொன்னதும்தான் அவர் தொகையைச் சொன்னார். ஏறுவதற்குத்தான் காசு இல்லை, இறங்குவதற்கு உண்டு என்றார். நான் பேரம் பேசிக்கொண்டிருந்த அந்தக் கால் மணி நேரம் முழுவதும் அக்காவின் விரல்கள் அந்தக் குமிழில் வெளுத்துப்போய் இருந்தன. அவளுக்கு உயரம் என்றால் பயம். பணத்தைக் கொடுத்து அவளை இறக்கியபின், பிரமிடைப் பார்க்க வேண்டாம், விடுதிக்குப் போகலாம் என்றாள். நாலாயிரத்து ஐந்நூறு வருடத்துக் கல்லுக்கு நூறடி தூரத்தில் நின்றுகொண்டு, நாங்கள் இருவரும் மணலைப் பார்த்தபடி திரும்பி நடந்தோம்.

2025இல் அங்கே மின்பேருந்துகள் ஓடத் தொடங்கியிருக்கின்றன, ஒட்டகக்காரர்களுக்குத் தனி இடம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று படித்தேன். நல்லது. போகிறவர்கள் நிம்மதியாகப் பார்க்கட்டும். அந்த மனிதருக்கும் ஒட்டகத்துக்குத் தீவனம் வாங்கும் கவலை இருந்திருக்கும், அதுவும் எனக்குத் தெரியும். ஆனாலும் நான் போகமாட்டேன். என் அக்காவின் விரல்கள்தான் எனக்கு நினைவு வருமே தவிர பிரமிடு வராது. இதை ரசனைக் குறைவு என்று சொல்பவர், பயந்துபோன ஒருவரைக் கீழிருந்து அண்ணாந்து பார்த்தபடி பேரம் பேசியதில்லை.

வெனிஸில் எங்களை யாரும் ஏமாற்றவில்லை. சொல்லப்போனால், அங்கே எனக்கு யாரும் எந்தக் கெடுதலும் செய்யவில்லை. மறுபடியும் போக மனம் வராததற்குக் காரணம் அங்கே நான் செய்ததுதான்.

ரியால்டோ பாலத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு சிறிய பாலம். பத்துப் பன்னிரண்டு படி ஏறி, அதே அளவு இறங்க வேண்டும். அகலம் இரண்டு பேர் ஒதுங்கிப் போகும் அளவு. அதன் உச்சியில் நின்று கால்வாயைப் படமெடுக்க ஒரு வரிசை நின்றது. அந்த வரிசையில் நானும் நின்றேன். கீழே ஒரு மூதாட்டி, சக்கரம் வைத்த துணிப்பையில் சாமான்களோடு வந்தார். நாங்கள் ஒதுங்குவோம் என்று முதல் படியில் கால் வைத்தார். ஒதுங்க இடமில்லை; பின்னாலிருந்தவர்கள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அவர் காலை எடுத்துவிட்டுக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றார். கோபப்படவில்லை. தினமும் செய்து பழகியவர்போல் கண்ணை மூடிக்கொண்டார். என் முறை வந்தது, படம் எடுத்தேன், இறங்கினேன். அவர் அப்போதும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். அந்தப் படம் என்னிடம் இருக்கிறது. கால்வாய், இரண்டு படகு, ஒரு சன்னலில் சிவப்புப் பூந்தொட்டி. அந்த மூதாட்டி அதில் இல்லை.

திரும்பி வந்தபின்தான் தேடிப் படித்தேன். 1950களின் தொடக்கத்தில் வெனிஸின் பழைய நகரத்தில் ஒரு லட்சத்து எழுபத்தைந்தாயிரம் பேர் அளவில் வசித்தார்கள். 2022இல் அந்தத் தொகை ஐம்பதாயிரத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. வீடுகள் விடுதியாகின்றன, வாடகை ஏறுகிறது, பலசரக்குக் கடை இருந்த இடத்தில் பயணிகளுக்கு நினைவுப்பொருளாக முகமூடி விற்கிறார்கள். 2021இல் பெரிய உல்லாசக் கப்பல்கள் நகரத்தின் முக்கியச் சதுக்கமான சான் மார்க்கோவை ஒட்டிப் போவதைத் தடுத்தார்கள். 2024 ஏப்ரல் 25 முதல், கூட்டம் அதிகமுள்ள நாட்களில் பகலில் வந்து போகிறவர்களிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கினார்கள். அடுத்த வருடம், கடைசி நேரத்தில் பதிவு செய்பவர்களுக்கு அதை 10 யூரோ ஆக்கினார்கள். வாசலில் சீட்டுக் கிழிக்கும் நிலைமைக்கு ஒரு நகரம் வந்துவிட்டது என்றால், அந்த வாசலில் போய் நிற்க எனக்குக் கூச்சமாக இருக்காதா?

வெனிஸ் மட்டும்தானா? ஆஸ்திரியாவில் ஹால்ஸ்டாட் என்ற ஏரிக்கரை ஊரில் ஆயிரம் பேர்கூட வசிப்பதில்லை; 2023இல் படமெடுக்க வருகிறவர்களின் தொல்லை தாங்காமல் காட்சியை மறைத்து மரத்தட்டி அடித்தார்கள். ஜப்பானில் ஃபூஜி மலையடிவாரத்தில் 2024இல் ஒரு கடைக்குப் பின்னால் மலை தெரியும் இடத்தில் கறுப்புத் திரை கட்டினார்கள். பார்சிலோனாவில் அதே வருடம் ஜூலையில் ஊர்க்காரர்கள் பயணிகள்மீது பொம்மைத் துப்பாக்கியால் தண்ணீர் அடித்தார்கள். தாய்லாந்தின் மாயா கடற்கரையைப் பவளப்பாறை அழிந்ததால் 2018இல் மூடி, 2022 ஜனவரியில்தான் திறந்தார்கள். மனிதர்கள் வராத அந்த இடைவெளியில் சுறாக்கள் கரையோரம் திரும்பி வந்தன. வராதீர்கள் என்று அந்த ஊர்களே இத்தனை விதமாகச் சொல்கின்றன. நான் ஒரு சொல்லில் சொன்னது மட்டும் குற்றமாகிவிட்டது.

"எல்லோரும் உங்களைப் போல் நினைத்தால் அங்கே பிழைப்பு நடத்துகிறவர்கள் என்ன ஆவார்கள்?" என்று ஒரு தோழி கேட்டிருந்தாள். சரியான கேள்வி. அதற்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. நான் யாரையும் போகாதீர்கள் என்று சொல்லவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன். ஒருமுறை போனேன், ஓர் இடத்தை எடுத்துக்கொண்டேன். இரண்டாவது முறை அந்த இடத்தை வேறொருவருக்கு விட்டுவிடுகிறேன். இதில் யாருடைய பிழைப்பு கெடுகிறது?

சண்டை நடந்துகொண்டிருந்தபோது, எனக்கு அறிமுகமில்லாத ஓர் இளம்பெண் உள்பெட்டியில் கேட்டிருந்தாள். ஆறு வருடமாகச் சேர்த்த பணத்தில் அடுத்த வருடம் வெனிஸ் போவதாக இருக்கிறாளாம். என் பதிலைப் பார்த்ததும் மனம் தளர்ந்துவிட்டதாம். அவளிடம் போகச் சொன்னேன். முடிந்தால் பழைய நகரத்துக்குள்ளேயே இரண்டு இரவாவது தங்கச் சொன்னேன். விடியும் முன் எழுந்து, பகல் கூட்டம் வந்து சேருவதற்குள் பாலங்களைப் பார்த்துவிடச் சொன்னேன். சிறிய பாலங்களின் உச்சியில் நிற்க வேண்டாம், யாராவது பையோடு ஏறி வந்தால் இறங்கி வழி விடு என்றும் எழுதினேன்.

என்னைப் பற்றிய அந்தப் பதிவை நீக்கச் சொல்லி நான் கேட்கப் போவதில்லை. என் பதிலையும் நீக்கவில்லை. வெனிஸ் என்று எழுதியது அங்கேயே இருக்கிறது.