தென்னாப்பிரிக்காவின் சரிவு 1994-இல் தொடங்கியதா?

“வெள்ளையர் ஆட்சியில் செழித்திருந்த தென்னாப்பிரிக்கா, 1994-இல் மண்டேலா பதவியேற்றதும் சரிந்தது” என்று வாட்ஸ்அப்பில் பரவும் செய்தி தவறானது. 1985 ஆகஸ்டில், நிறவெறி ஆட்சிமுறையைக் கைவிடப் போவதில்லை என்பது புலப்படும்படி அதிபர் போத்தா டர்பனில் உரையாற்றியதை அடுத்து, ராண்ட் நாணயத்தின் மதிப்பு வீழ்ந்தது. பங்குச் சந்தையைச் சில நாட்கள் மூடிய அரசு, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதையே நிறுத்திவைத்தது. 1990 முதல் 1992 வரை தொடர்ந்து மூன்று ஆண்டுகள் பொருளாதாரம் சுருங்கியது. மண்டேலாவின் கைக்கு வந்தது இந்தக் கஜானாதான்.

1996 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது ஏறத்தாழ 58 விழுக்காடு வீடுகளில்தான் மின்விளக்கு எரிந்தது. மற்ற வீடுகளில் பெரும்பாலும் மெழுகுவத்தியோ மண்ணெண்ணெய் விளக்கோதான். 2011-இல் மின்விளக்கு எரியும் வீடுகளின் பங்கு 85 விழுக்காட்டை நெருங்கியது. 2005 முதல் 2007 வரை பொருளாதாரம் ஆண்டுக்கு 5 விழுக்காட்டுக்கு மேல் வளர்ந்தது.

பிந்தைய வீழ்ச்சியை மறைப்பதும் நேர்மையாகாது. மின் உற்பத்தி போதாமல் போகும் என்று 1998-இலேயே அரசின் வெள்ளை அறிக்கை எச்சரித்தும் புதிய நிலையங்கள் உரிய காலத்தில் கட்டப்படவில்லை. பின்னாளில் அதிபரான ஜூமாவின் ஆட்சியில் பொதுத்துறை நிறுவனங்கள் சூறையாடப்பட்டதை நீதிபதி சோண்டோ விசாரணை ஆணையம் விரிவாகப் பதிவுசெய்துள்ளது. ஆனால் இன்று 30 விழுக்காட்டைத் தாண்டிய வேலையின்மைக்கு, கறுப்பினக் குழந்தைகளுக்குத் திட்டமிட்டே தாழ்ந்த கல்வியை வகுத்த 1953-ஆம் ஆண்டின் பாண்டு கல்விச் சட்டத்துக்கும் பங்குண்டு என்பதை அந்தச் செய்தி சொல்வதே இல்லை.