கதைப் போட்டியில் மேற்கோளுக்கு எதுக்குங்க மார்க்?

பள்ளிக்கூடங்களில் சிறுகதைப் போட்டிக்கு நடுவராகப் போனால் கையில் ஒரு தாளைக் கொடுத்துவிடுகிறார்கள். கையெழுத்துக்கு இவ்வளவு, பிழையில்லாமல் எழுதினால் இவ்வளவு, மேற்கோளுக்கு இவ்வளவு, நீதிக்கு இவ்வளவு. கட்டுரைப் போட்டிக்கு அடித்த தாளேதான் கதைக்கும். அதை வைத்துக்கொண்டு நல்ல கதையைக் கண்டுபிடிக்க முடியாது என்பது என் கட்சி.

பல்லடம் பக்கம் ஒரு போட்டியில் தலைப்பு 'மழை'. முக்கால்வாசிப் பிள்ளைகள் 'நீரின்றி அமையாது உலகு' என்று ஆரம்பித்து, மரம் நடுவோம் என்று முடித்திருந்தார்கள். மார்க்கும் அள்ளினார்கள். ஒன்பதாவது படிக்கும் பெண் ஒருத்தி மட்டும் தறிக்குடோனை ஒட்டிய வீட்டை எழுதியிருந்தாள். பொழுதோட மழை பிடித்துக் கரண்ட் போகிறது. விசைத்தறி அத்தனையும் ஒரேயடியாக நிற்கிறது. அதுவரை சத்தத்தில் அசந்து தூங்கிய கைக்குழந்தை, சத்தம் நின்றதும் வீரிட்டு அழுகிறது. அப்பன் தறியில் பாதி ஓடிய பாவு நூலைப் பார்த்துக் கூலிக் கணக்குப் போடுகிறார். தறிச் சத்தத்திலேயே வளர்ந்த பிள்ளைக்குத்தான் இது கைவரும்.

"கதையில நீதியே இல்லீங்களே" என்றார் கூட இருந்த நடுவர். சாயங்காலத்தைச் சொல்லும் 'பொழுதோட' என்ற கொங்குச் சொல்லுக்குச் சிவப்பு மையில் சுழி வேறு. ஆர். சண்முகசுந்தரம் 1942லேயே 'நாகம்மாள்' நாவலில் கொங்குப் பேச்சை எழுதிக் காட்டிய ஊருங்க இது!

சரி, ரசனை ஆளுக்கு ஆள் மாறுமே, எப்படி அளப்பது? அமெரிக்க உளவியலாளர் தெரசா அமபைல் 1982இல் ஒரு வழி சொன்னார். விசயம் தெரிந்த சிலர், தங்களுக்குள் பேசிக்கொள்ளாமல், தனித்தனியாகப் படிக்க வேண்டும். ஒவ்வொருவரும் வேறு வேறு வரிசையில் படிக்க வேண்டும். எந்த அளவுகோலும் கொடுக்காமல், அந்தக் கட்டில் உள்ள படைப்புகளையே ஒன்றோடொன்று ஒப்பிட்டு மதிப்பிடச் சொல்ல வேண்டும். அப்புறம் மதிப்பெண்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்க்க வேண்டும். நம் ஊரில் தலைமை நடுவர் "இது பரவாயில்ல" என்று வாய்விட்டுச் சொன்னதுமே மற்றவர்கள் பேனாவும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

பிழையைக் கண்டுகொள்ள வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒற்றுப்பிழைக்குத் தமிழ்ப் பரீட்சையில் கழித்துக்கொள்ளட்டும். அடுத்த முறை கூப்பிட்டால் இரண்டே நிபந்தனை: அந்தத் தாள் வேண்டாம், எல்லாக் கதையையும் ஒருமுறை மார்க் போடாமல் படிக்க நேரம் வேண்டும். பொன்னாடையைக்கூட மிச்சம் பண்ணிக்கலாமுங்க.