மழை விட்டதும் ஓடாதீர்கள்

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் உள்ள வெடர் ஆற்றில் ஸ்டீல்ஹெட் (கடலுக்குப் போய் ஆற்றுக்குத் திரும்பும் ட்ரவுட் மீன்) பிடிக்க, 'மழை விட்டதுமே கிளம்புங்கள்' என்கிறது நான் படித்த ஒரு மீன்பிடிக் கட்டுரை. விட்ட அன்று ஆறு பால்காபி நிறத்தில்தான் ஓடும், தூண்டில் போட்டுப் புண்ணியமில்லை. தண்ணீர் வடிந்து பச்சை தட்டட்டும், அப்போதுதான் ஸ்டீல்ஹெட் கடிக்கும்.

விதிகளைப் பற்றி அந்தக் கட்டுரை மூச்சே விடவில்லையே? பிரிட்டிஷ் கொலம்பியாவில் இயற்கையாகப் பிறந்த ஸ்டீல்ஹெட்டை வீட்டுக்குக் கொண்டுபோகவே கூடாது. முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் இடையில் விரல்நுனி அளவுக்குச் சதைத் துடுப்பு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் விட்டுவிட வேண்டும். அந்த இடம் வெட்டுப்பட்டுத் தழும்பு ஆறியிருந்தால் அது பொரிப்பகத்தில் வளர்த்து ஆற்றில் விட்ட மீன். ஆற்றில் எதிர்முள் (நுனியருகே பின்னோக்கி நிற்கும் சிறு கூர்) இல்லாத ஒற்றைத் தூண்டில்முள் மட்டுமே. மீன்பிடி உரிமம் மட்டும் போதாது, ஸ்டீல்ஹெட்டுக்கென்று தனிக் கட்டணமும் உண்டு.

அதே மாகாணத்தில் கம்லூப்ஸ் நகரத்துப் பக்கத்து ஏரிகளுக்குக் குளிர்காலத்தில் மீன் பிடிக்கப் போகிறவர்கள், பனிக்கட்டி 10 செ.மீ. கனமாவது இறுகாமல் கால் வைக்காதீர்கள்.