வீட்டில் தமிழை நிறுத்தினால் இங்கிலீஷ் வராது

"வீட்டுல தமிழை நிறுத்துங்க, ஆறே மாசத்துல பிள்ளைக்கு இங்கிலீஷ் சரளமாயிடும்" என்று காரைக்குடிப் பெற்றோருக்குச் சிலர் சொல்கிறார்கள். தவறுங்க. சுற்றிலும் ஆங்கிலம் ஒலிக்கும் கனடாவிலேயே, குடியேறிய பிள்ளைகளுக்குப் பேச்சு ஆங்கிலம் வர ஏறக்குறைய 2 ஆண்டு, பாட மொழி கைவர 5 முதல் 7 ஆண்டு என்று மொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் காட்டினார்.

கந்தரப்ப மாவு நீர்த்தால் ஏன் எண்ணெய் குடிக்கும் என்று அப்பத்தா தமிழில் விளக்குவார். ஆங்கிலத்தில் என்றால் 'கம், சிட், ஈட்' அவ்வளவுதான். காரணம் கேட்கும் பேச்சே நின்றுபோகும். 'ஏன், அதனால்' பழகிய பிள்ளைக்கு 'பிகாஸ்' ஒரு புதுச் சொல் மட்டும்தான்; கருத்து ஏற்கெனவே தெரியும்.

பெற்றோரே, தினம் 15 நிமிடம் பிள்ளையோடு ஆங்கிலக் கதை வாசித்து, அதைத் தமிழில் பேசுங்கள். பிள்ளை 'ஹி கோ' என்றால் அதட்ட வேண்டாம். 'ஆமா, ஹி கோஸ்' என்று திருப்பிச் சொல்லுங்கள். அந்த 'ஸ்' தாமதமாகத்தான் ஒட்டும்.