பாராளுமன்றம் கூடாத மாதங்கள்

கொவிட் பெருந்தொற்றுக் கால அரச நடவடிக்கைகளை இலங்கைப் பாராளுமன்றம் போதிய அளவு விசாரிக்கவில்லை என்ற கட்டுரையாளரின் கருத்தை, ஹட்டனிலிருந்து எழுதும் நான் முழுமையாக ஏற்கிறேன். 2020 மார்ச் 2ஆம் திகதி சபை கலைக்கப்பட்டது. புதிய சபை கூடியது ஓகஸ்ட் 20ஆம் திகதியே. பொது நிதியின் முழுக் கட்டுப்பாடும் பாராளுமன்றத்துக்கே உரியது என அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை கூறியிருந்தும், ஊரடங்கும் 5,000 ரூபா கொடுப்பனவும் மக்களின் அன்றாடத்தைத் தீர்மானித்த அக்காலத்தில் அமைச்சர்களிடம் கேள்வி கேட்கச் சபையே இருக்கவில்லை. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயன்களில் ஒரே அறையில் ஐந்தாறு பேர் வாழ்கையில் (தண்ணீர்க் குழாயும்கூடப் பல வீடுகளுக்குப் பொதுவானது), சுயதனிமைப்படுத்தல் எவ்வாறு சாத்தியமாகும் என்று அன்றே எவரேனும் அங்கு கேட்டிருக்க வேண்டும். இப்போதாவது பாராளுமன்றத் தெரிவுக்குழு ஒன்று தோட்டங்களுக்கு நேரில் வந்து எங்கள் மக்களின் சாட்சியத்தைப் பதிவுசெய்ய வேண்டும்.