குருத்துக்குள் இறங்காத மருந்து

மக்காச்சோளத்துக்குக் கண்டபடி மருந்தடித்து மண்ணைக் கெடுப்பதே சின்ன விவசாயிகள்தான் என்று போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சொன்னார். சாம்பார் வந்துகொண்டிருந்தது, சண்டை வேண்டாம் என்று விட்டுவிட்டேன். இங்கே சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்குப் பெரம்பலூர் பக்கம் இரண்டரை ஏக்கர் மானாவாரிக் கரிசல். புரட்டாசி மழையை நம்பி விதைப்பு, விளைந்தால் நாமக்கல் கோழித் தீவனத்துக்குப் போகும். 2018-க்கு முன்னால் தண்டுத்துளைப்பான் அங்கொன்றும் இங்கொன்றுமாக வரும், அவ்வளவுதான். அந்த வருஷம் மே மாதம் கர்நாடகத்தில் படைப்புழுவைக் கண்டுபிடித்தார்கள். ஐப்பசியில் எங்கள் காட்டில் குருத்தெல்லாம் சல்லடை. அமெரிக்கக் கண்டத்துப் புழு, 2016-இல் ஆப்பிரிக்காவுக்கு வந்து அப்புறம் இங்கே. தாய் அந்துப்பூச்சி ஓர் இரவில் நூறு கிலோமீட்டர்கூடப் பறக்குமாம்.

அப்பா டார்ச் அடித்து ஒரு குருத்தைப் பிரித்துக் காட்டினார். ஈர மரத்தூள் மாதிரி எச்சம். அதைத் தள்ளினால் உள்ளே சுருண்டு கிடந்தது, தலையில் கவிழ்ந்த ‘ஒய்’ எழுத்து, வால் பக்கம் சதுரமாக நாலு புள்ளி. அந்த எச்சமே அதற்குக் கூரை. மேலாக அடிக்கிற மருந்து வழிந்து போய்விடும்.

நாசிலைக் குருத்துக்கு நேராகப் பிடித்து ஒவ்வொரு செடியாக அடிக்க வேண்டும். ஆனால் கூலி டேங்க் கணக்கு. வேகமாக நடந்தால்தான் அடிப்பவருக்குக் கட்டும். அவரைக் குறை சொல்லத் தோன்றினால், தோகை கையை அறுக்க, முதுகில் டேங்கோடு ஒரு ஏக்கர் நடந்து பாருங்கள்.

சரி, என்ன மருந்து? வேளாண் பல்கலைக்கழகம் எமாமெக்டின் பென்சோயேட் லிட்டருக்கு 0.4 கிராம் என்கிறது, பத்து லிட்டர் டேங்குக்கு நாலே கிராம். போன பருவத்துப் பாக்கி நிற்கிற கடையில் போய் அந்தப் பெயரைச் சொன்னேன். கடைக்காரர் சிரித்துவிட்டு, கையிலிருந்த மூன்றைக் கலந்து அடிக்கச் சொல்லி எடுத்து வைத்தார். கடன் சொல்லி வாங்குகிறவன் எந்தப் பாட்டிலைத் தள்ளி வைப்பான்? பந்தியில் பேசியவர் திட்ட வேண்டிய ஆள் வேறு.

மருந்து இல்லாமல் புழுவைக் குறைக்கச் சொல்கிற வழிகளும் உண்டு: வரப்போரம் தட்டைப்பயறு, கோடை உழவு, ஊரே ஒரே சமயத்தில் விதைப்பு. எல்லாம் நல்ல யோசனைதான். மானாவாரியில் ஒரே சமயம் என்பதற்கு எங்கே போவது? பக்கத்துக் காட்டுக்காரருக்கு டிராக்டர் பதினைந்து நாள் கழித்துத்தான் கிடைத்தது. எங்கள் காட்டு அந்துப்பூச்சிக்கு அவர் இளம்பயிர் விருந்து. நிவாரணம் வந்தபோதும் அடங்கல், அதாவது சாகுபடி விவரம் எழுதும் கிராமக் கணக்கு, நிலத்துக்காரர் பெயரில் இருந்தது. குத்தகைக்கு ஓட்டிய சித்தப்பாவுக்கு ஒரு ரூபாய் வரவில்லை.

இந்தப் பருவம் முளைத்த பத்தாம் நாளிலிருந்தே அம்மாவும் நானும் சாயங்காலம் சால் சாலாக நடந்து, பஞ்சு ஒட்டினாற்போல் இலையில் இருக்கும் முட்டைக் குவியலைப் பார்த்துப் பார்த்து நசுக்கினோம். மருந்து இரண்டு தடவையோடு நின்றது. கதிரும் திரண்டது. அப்புறம் காட்டுப்பன்றி வந்தது, அதைத் தனியாக எழுதுகிறேன்.